கார் ஷெட்டில் சின்னப் பட்டறை: பழைய நாலரை அடி லேத்தா, புது மினி லேத்தா?

கார்ஷெட்காரன் (சிங்காநல்லூர், கோயம்புத்தூர்):

வணக்கம். வங்கி வேலை பார்க்கிறேன், மெஷினோடு தொழில்முறைத் தொடர்பு எதுவும் இல்லை. கார் ஷெட்டின் பின்பாதியில் பத்துக்கு எட்டு அடி இடத்தை எனக்கென்று எடுத்துக்கொள்ள வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது. கீழ்த்தளம், சிமெண்ட் தரை, சிங்கிள் பேஸ் லைன். நீராவி எஞ்சின் மாடல் ஒன்றைக் கையால் செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. முதலில் ஸ்டூவர்ட் 10வி என்ற மாடல் கிட்டின் அளவில் ஒரு செங்குத்து எஞ்சின்: சிலிண்டர் போர் (உள்விட்டம்) முக்கால் அங்குலம், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) அதே, ஃப்ளைவீல் மூன்று அங்குலம். அப்புறம் என்றாவது ஒருநாள் ஊட்டி ரயிலை இழுக்கும் எக்ஸ் கிளாஸ் எஞ்சினின் மாடல். சிரிக்காதீர்கள்.

கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. கணபதியில் மூடப்போகும் ஒரு பட்டறையில் பழைய நாலரை அடி நீள லேத்தை (கடைசல் எந்திரம்) அறுபதாயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார்கள். கோன் புல்லி (பெல்ட்டை இடம் மாற்றி வேகம் மாற்றும் படிப்புல்லி), பேக் கியர் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர்), ஒரு ஹெச்பி த்ரீ பேஸ் மோட்டார். அதை எடுப்பதா, இல்லை இணையத்தில் விற்கிற 7x14 மினி லேத்தைப் புதிதாக வாங்குவதா? மில்லிங் மெஷினையும் (சுழலும் கட்டரால் செதுக்குவது) சேர்த்தே வாங்கிவிட வேண்டுமா?

மொட்டைமாடி (சென்னை):

மினி லேத். நான் ஃப்ளாட்டில் வைத்து ஓட்டுகிறேன். நாற்பது கிலோ சுமாருக்கு இருக்கும், இரண்டு பேர் தூக்கி மேசையில் வைத்துவிடலாம். சாதாரண ப்ளக் பாயிண்ட் போதும். 7 என்பது பெட்டுக்கு (லேத்தின் நீள அடித்தளம்) மேல் சுழலக்கூடிய விட்டம், 14 என்பது இரு முனையிலும் தாங்கும் இரண்டு சென்டருக்கும் நடுவே உள்ள நீளம், இரண்டும் அங்குலக் கணக்கு. உங்கள் ஃப்ளைவீல் தாராளமாக உட்காரும். வேகத்தைக் குமிழ் திருப்பி மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் பெட்டியைத் திறந்த அன்றே ஜாப் (கடைய வேண்டிய துண்டு) போட முடியும் என்று நினைக்க வேண்டாம். பூசி அனுப்புகிற கிரீஸை டீசல் போட்டுக் கழுவ வேண்டும். டூலை நகர்த்துகிற கிராஸ் ஸ்லைடு, காம்பவுண்ட் இரண்டின் கிப் ஸ்ட்ரிப்பையும் (ஆட்டத்தைப் பிடிக்கும் பட்டை) கழற்றி, பிசிறு தேய்த்து, ஆட்டம் போகும்வரை திரும்ப இறுக்க வேண்டும். டெயில் ஸ்டாக் (வலக்கோடியில் ஜாபைத் தாங்கும் பகுதி) மையம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். நிறைய மாடல்களில் ஹெட் ஸ்டாக் (ஜாபைச் சுழற்றும் இடப்பக்கத் தலை) உள்ளே பிளாஸ்டிக் கியர்தான். டூல் கடித்துக்கொண்டால் முதலில் உடைவது அதுதான், ஒரு செட் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பழைய டர்னர் (பீளமேடு):

தம்பி, பம்ப் கம்பெனியில் டர்னராக இருந்து ரிட்டயர் ஆனவன் சொல்கிறேன். வார்ப்பிரும்பு கடைகிற ஆசை இருந்தால் கனமான லேத்தை எடு.

உன் ஃப்ளைவீலையே கணக்குப் போடுவோம். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு வார்ப்பிரும்பில் நிமிஷத்துக்கு 20 மீட்டர் வேகம் என்று வை. 75 மி.மீ. விட்டத்துக்கு அது சுமார் 85 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 85 சுற்று). அந்த வேகத்தில் மினி லேத் மோட்டாரில் இழுவை இருக்காது. பேக் கியர் போட்ட பழைய லேத் அலட்டிக்கொள்ளாமல் வெட்டும். அதுவும் வார்ப்பின் மேல்தோல் இருக்கிறதே, கடினமாக இருக்கும், மணலும் ஒட்டியிருக்கும். முதல் கட் அந்தத் தோலுக்கு அடியில் போக வேண்டும். மெஷின் தாங்காது என்று பயந்து மேலாகச் சுரண்டிக்கொண்டிருந்தால் டூல் முனை மழுங்கும், ஜாப் அப்படியே இருக்கும்.

ஆனால் பழைய லேத் என்றால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தால் இன்னும் ஜாக்கிரதை. சேடிலை (டூலைச் சுமந்து பெட் மேல் ஓடும் பகுதி) சக் (ஜாபைப் பிடிக்கும் பிடி) பக்கம் கொண்டுவந்து, அதன் லாக்கை லேசாகப் பிடிக்கும்வரை இறுக்கிவிட்டு, டெயில் ஸ்டாக் பக்கமாக ஓட்டிப் பார். போகப் போக இறுகினால் சக் பக்கத்துப் பெட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் இறுகுவது எல்லாப் பழைய லேத்திலும் உண்டு. பாதி வழியில் நின்றேவிட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. அடுத்தது ஸ்பிண்டில், சக்கைச் சுழற்றும் தண்டு. தடித்த ராட் ஒன்றைச் சக்கில் பிடித்து, அதன் மேல் டயல் கேஜ் வைத்து, அடியிலிருந்து கட்டையால் நெம்பு. முள் 0.05 மி.மீ.க்கு மேல் ஏறி இறங்கினால் பேரிங்கைப் பார்க்க வேண்டியிருக்கும், விலையில் பேசு.

கிராஸ் ஸ்லைடு ஹேண்டில் கால் சுற்று சும்மா சுற்றுகிறதா? அதற்குப் பயப்படாதே. கன்மெட்டல் நட் ஒன்று கடைந்து போட்டால் தீர்ந்தது. சேஞ்ச் கியர் (மரை அளவுக்கேற்ப மாற்றிப் போடும் கியர்) முழு செட் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் எண்ணு. பழைய லேத்தில் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது சேடிலை நகர்த்தும் நீளத் திருகு) பெரும்பாலும் அங்குலக் கணக்கில் இருக்கும். மில்லிமீட்டர் மரை துல்லியமாக வெட்ட 127 பல் கியர் வேண்டும். 25.4-ஐ ஐந்தால் பெருக்கினால் 127, அதனால்தான் அந்த வினோதமான எண். அது தொலைந்து போன லேத்கள் ஊரில் நிறைய உண்டு.

கார்ஷெட்காரன்:

ஐயா, இதை அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகிறேன். த்ரீ பேஸ்தான் உதைக்கிறது. வீட்டுக்கு மூன்று பேஸ் லைன் வாங்க வேண்டுமா, இல்லை மோட்டாரை மாற்றிவிடலாமா?

ஆம்பியர் அக்கா (திருப்பூர்):

இரண்டும் வேண்டாம். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி) ஒன்று போடுங்கள். உள்ளே 230 வோல்ட் சிங்கிள் பேஸ், வெளியே த்ரீ பேஸ். ஒரு ஹெச்பிக்கு இந்த வகை எளிதாகக் கிடைக்கும். ஆனால் வெளியே வருவதும் 230 வோல்ட்தான், 415 அல்ல. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். நம் ஊரில் சின்ன மோட்டார்கள் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் கனெக்ஷனில் வரும். ஸ்டார், டெல்டா இரண்டும் மோட்டார் காயில்களை இணைக்கும் முறைகள். அதையே டெல்டாவாக மாற்றினால் 230-லேயே முழு சக்தியும் கிடைத்துவிடும். டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு முனை வெளியே வந்திருந்தால் பட்டையை மாற்றிப் போட்டால் போதும். மூன்று முனைதான் என்றால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள்ளேயே இருக்கிறது, ரீவைண்டிங் கடையில் கொடுத்து அதை வெளியே எடுக்கச் சொல்ல வேண்டும். பெரிய வேலையில்லை.

விஎஃப்டி வந்துவிட்டதே என்று கோன் புல்லியையும் பேக் கியரையும் மறந்துவிடாதீர்கள். 50 ஹெர்ட்ஸில் ஓட வேண்டிய மோட்டாரை 10-ல் ஓட்டினால் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு சக்திதான். மோட்டாரின் விசிறியும் மெதுவாகிவிடுவதால் சூடும் ஏறும். பெரிய வேக மாற்றத்தைப் பெல்ட்டில் செய்யுங்கள், சின்னச் சரிப்படுத்தலுக்கு மட்டும் குமிழ்.

இன்னொன்று, அந்த லேத்தில் சக் மரையில் திருகி மாட்டுகிற வகையா என்று பாருங்கள். அப்படியானால் விஎஃப்டியில் நிற்கும் நேரத்தை நாலைந்து விநாடியாக வையுங்கள். சடாரென்று நிறுத்தினாலோ ரிவர்ஸ் போட்டாலோ சக் தானாகக் கழன்று பெட் மேல் வந்து விழும். எர்த்திங் சரிபார்த்துவிடுங்கள்.

ஜாப் வொர்க் (கணபதி):

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வீட்டுக்குள் லேத் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் தெருவிலேயே லேத், மில்லிங், சர்ஃபேஸ் கிரைண்டிங் என்று வரிசையாகக் கடை. டிராயிங் போட்டுக் கொடுங்கள், கடைந்து தருவார்கள். ஒன்றரை லட்சத்தில் எத்தனை எஞ்சினுக்கு ஜாப் வொர்க் கொடுக்கலாம் என்று யோசித்தீர்களா? லேத் வாங்குவது தொடக்கம்தான். அப்புறம் டூல், சக், வெர்னியர், மைக்ரோமீட்டர், டேப் செட், வைஸ் என்று அதே அளவு பணம் போகும்.

பழைய டர்னர்:

நீங்கள் சொல்வது செலவுக் கணக்கில் சரி. ஆனால் உங்கள் கடைக்கே ஒருவர் 12 மி.மீ. பிஸ்டன் ஒன்றே ஒன்று, சிலிண்டரில் காற்றுப் புகாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று கொண்டுவந்தால் எடுப்பீர்களா? உங்கள் டர்னர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி முகத்தைக் காட்டியவன்தான்.

ஜாப் வொர்க்:

எடுக்க மாட்டோம், ஒத்துக்கொள்கிறேன். ஒரு பீஸுக்கு செட்டிங் நேரம்தான் அதிகம், கூலி கேட்டால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்கிறார். ஆனால் சில வேலைகளுக்கு எங்களிடம்தான் வர வேண்டியிருக்கும். தட்டையான முகம் கிரைண்ட் செய்வது, பெரிய பிளேட்டில் மில்லிங், கீ வே ஸ்லாட்டிங் (சாவிப் பள்ளம் வெட்டுவது) இதெல்லாம் வீட்டில் இழுத்துக்கொண்டிருப்பது வீண். அதனால் மில்லிங் மெஷினை இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

நாட்டிங்ஹாம்வாசி:

அதையே நானும் சொல்ல வந்தேன். இங்கே மாடல் எஞ்சினியரிங் என்றால் கனபேருக்கு முதலில் நினைவு வருவது மைஃபோர்ட் எம்.எல்.7 லேத். நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் பீஸ்டனில் செய்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சந்தைக்கு வந்தது. சென்டர் உயரம் மூன்றரை அங்குலம்தான். அந்தத் தலைமுறையில் வீட்டில் மில்லிங் மெஷின் வைத்திருந்தவர்கள் குறைவு. லேத்தின் கிராஸ் ஸ்லைடில் வெர்டிகல் ஸ்லைடை (மேலும் கீழும் நகரும் தட்டு) பூட்டி, கட்டரைச் சக்கில் பிடித்து, மில்லிங் வேலை முழுக்க அப்படியே முடித்தார்கள். ரயில் எஞ்சின்கள்கூட அப்படி வந்திருக்கின்றன. மைஃபோர்ட் கிராஸ் ஸ்லைடில் டி-ஸ்லாட் (போல்ட் பூட்டும் பள்ளம்) இருக்கும், அதனால் சிலிண்டரையே அதன் மேல் கட்டி, இரண்டு சென்டருக்கும் நடுவே போரிங் பார் (துளையின் உட்புறத்தைக் கடையும் தண்டு) ஓட்டலாம். உங்கள் நாலரை அடி லேத்தில் டி-ஸ்லாட் இருக்காது என்று நினைக்கிறேன். பரவாயில்லை, 10வி அளவு சிலிண்டரை ஃபோர் ஜா சக்கில் (நான்கு தாடையும் தனித்தனியாக நகரும் சக்) டயல் வைத்து மையம் பார்த்துப் பிடித்தாலே போதும்.

எக்ஸ் கிளாஸ் ஆசைக்கு நான் சிரிக்கவில்லை. மீட்டர் கேஜை ஐந்து அங்குலத் தண்டவாளத்துக்குக் குறைத்தால் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு அளவு, வசதியாக அமைகிறது. ஆனால் அதில் நான்கு சிலிண்டர். இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, மற்ற இரண்டு பல்சக்கரத்துக்கு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல் தண்டவாளத்தில் ஏறும்போது முதல் ஜோடியிலிருந்து வரும் நீராவியே இரண்டாம் ஜோடிக்குப் போகும். முதல் பத்து எஞ்சினுக்குள் அதைத் தொட வேண்டாம்.

மொட்டைமாடி:

10வி-யைக்கூட முதலில் தொட வேண்டாம் என்பேன். ஆடும் சிலிண்டர் எஞ்சின் ஒன்று செய்யுங்கள். சிலிண்டரே முன்னும் பின்னும் ஆடி, தன் துளையை நீராவித் துளையோடு சேர்த்துத் திறந்து மூடும். தனி வால்வு கிடையாது, வார்ப்பு எதுவும் வேண்டாம். பித்தளை ராட் துண்டு, எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டை, ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். உக்கடத்தில் வெட்டுத் துண்டுகள் கிலோ கணக்கில் கிடைக்குமே. டயருக்குக் காற்றடிக்கும் சின்னக் கம்ப்ரஸரிலேயே ஓடும். கடைவது, துளையிடுவது, ரீமர் போட்டுத் துளையைத் துல்லியமாக்குவது, மரை வெட்டுவது எல்லாம் அதில் வந்துவிடுகிறது. பித்தளை வாங்கும்போது ஃப்ரீ கட்டிங் ராட் என்று கேட்டு வாங்குங்கள், பழைய குழாய்ப் பித்தளை வேண்டாம்.

வார்ப்புப் பிரியர் (ஈரோடு):

10வி-க்கு வரும்போது ஃப்ளைவீல் வார்ப்புக்கு இங்கிலாந்திலிருந்து கிட் வரவழைக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் ஃபவுண்டரிக்கா பஞ்சம்? பேட்டர்ன் (மணலில் அச்சு பதிக்கும் மாதிரி) மட்டும் நீங்கள் செய்துகொண்டால் போதும். மரத்திலோ 3டி பிரிண்டரிலோ செய்யலாம். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் ஒரு சதவீதம் சுருங்கும். கடைவதற்குப் பக்கத்துக்கு இரண்டு மில்லியாவது கூட்ட வேண்டும். மணலிலிருந்து பேட்டர்னை உருவியெடுக்கப் பக்கச்சுவர்களில் ஒன்றிரண்டு டிகிரி சரிவு வேண்டும். 3டி பிரிண்ட் என்றால் அடுக்கு வரிகளைப் பட்டி பூசித் தேய்த்து வழவழப்பாக்கிவிடுங்கள், இல்லையென்றால் வரிக்குள் மணல் ஏறி அச்சு பிய்ந்துவிடும்.

ஒரு பீஸுக்கு யாரும் உலை மூட்ட மாட்டார்கள். அவர்கள் உருக்கி ஊற்றுகிற நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, முந்தின நாள் பேட்டர்னோடு போய் நில்லுங்கள். ஒரு ஓரத்தில் வைத்து ஊற்றித் தருவார்கள். ஃப்ளைவீலின் மெல்லிய ஆரக்கால்கள் சீக்கிரம் ஆறிக் கடினமாகிவிடும், சில நேரம் டிரில்லே இறங்காது. அதனால் நிறையச் சிலிக்கான் உள்ள மென்மையான கிரே அயர்ன் ஊற்றுகிற இடமாகப் பாருங்கள். இரண்டு மூன்று ஊற்றி வைத்துக்கொள்வது நல்லது.

கார்ஷெட்காரன்:

நேற்று போய்ப் பார்த்தேன். சேடில் கடைசி ஓரடியில் கொஞ்சம் இறுகுகிறது, ஆனால் நிற்கவில்லை. ஸ்பிண்டிலில் முள் 0.03 காட்டியது. சக் மரை வகைதான். மோட்டாரில் ஆறு முனை இருக்கிறது. 127 கியர் இல்லை! மற்ற கியர்கள் இருக்கின்றன. ஐம்பத்திரண்டுக்கு இறங்கினார், முன்பணம் கொடுத்துவிட்டேன். மில்லிங் மெஷின் இப்போதைக்கு இல்லை.

இனி எப்படிக் கொண்டுவருவது, எங்கே வைப்பது?

பழைய டர்னர்:

நல்ல விலை. 127 பல் கியர் யாரிடமாவது வெட்டி வாங்கிக்கொள்ளலாம். எம்6 வரைக்கும் மரைக்கு எப்படியும் கையால் மரை வெட்டும் டேப்பும் டையும்தான் எடுப்பாய், அவசரமில்லை.

கொண்டுவர ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) போதும். நாலரை அடி லேத் நானூறு கிலோவுக்குக் குறையாது, எடையெல்லாம் ஹெட் ஸ்டாக் பக்கம். மோட்டார், டெயில் ஸ்டாக், சக் மூன்றையும் கழற்றித் தனியாக ஏற்று. செயின் பிளாக்கில் தூக்கும்போது பெல்ட்டைப் பெட்டின் அடியில் கொடுக்க வேண்டும். லீட் ஸ்க்ரூ மேல் பாரம் விழுந்தால் வளைந்துவிடும், அப்புறம் மரை வெட்டவே ஆகாது. நடுவில் கட்டை கொடுத்து அதை விலக்கி வை. ஷெட்டுக்குள் குழாய் உருட்டிப் போட்டு நகர்த்தலாம். முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

சுவரை ஒட்டி வைக்காதே. பின்னால் ஒரு ஆள் நுழைய இடம் விடு, கடைசல் சுருள் அள்ளவும் பெல்ட் மாற்றவும் வேண்டும். ஹெட் ஸ்டாக்கின் இடப்பக்கமும் காலியாக இருக்கட்டும், நீள ராட் ஸ்பிண்டில் வழியாக வெளியே நீட்டும். லெவல் பார்க்கக் கொத்தனார் ரசமட்டம் உதவாது. மெஷின் லெவல் யாரிடமாவது இரவல் வாங்கு. கிடைக்கவில்லையா, 25 மி.மீ. ராடைச் சக்கிலிருந்து நூறு மில்லி நீட்டிப் பிடித்து, டெயில் ஸ்டாக் இல்லாமல் மெல்லிய கட் ஓட்டு. இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் அள. ஒரே அளவு வரும்வரை டெயில் ஸ்டாக் பக்கத்துக் காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) போட்டுச் சரிசெய். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார், தரை அமுங்கியிருக்கும்.

மொட்டைமாடி:

பெஞ்ச் கிரைண்டரை லேத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். அதன் தூள் பெட்டில் விழுந்தால் எமரி தேய்த்தது போலத்தான். பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். எண்ணெய் பூசிய பழைய வேட்டி போதும். சென்னைக் கடற்காற்றில் நான் படுகிற பாடு உங்களுக்கு இருக்காது.

ஆம்பியர் அக்கா:

விளக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மலிவு எல்.இ.டி. விநாடிக்கு நூறு முறை மினுக்கும். மூன்று ஜா சக் 2000 ஆர்பிஎம்மில் சுற்றினால் விநாடிக்கு நூறு ஜா கடந்துபோகும். இரண்டும் பொருந்தினால் சக் நின்றுவிட்டது போலக் கண்ணுக்குத் தெரியும், நீங்கள் கையை நீட்டுவீர்கள். நல்ல டிரைவர் உள்ள விளக்கு வாங்குங்கள். ஃபோன் கேமராவில் பார்த்தால் கோடு கோடாக ஓடாமல் இருக்க வேண்டும்.

வீட்டில் லேத் என்பதால் லுங்கியோடு போய் நிற்கத் தோன்றும். லுங்கி, துண்டு, கையுறை எதுவும் கூடாது. சக் கீயைக் கையிலிருந்து விட்டால் அது மேசைக்குத்தான் போக வேண்டும், சக்கில் இருக்கக் கூடாது.

கார்ஷெட்காரன்:

கடைசியாக ஒன்று. எஞ்சினைக் காற்றில் ஓட்டிய பிறகு நிஜ நீராவி வேண்டும். பாய்லர் வீட்டில் செய்யலாமா? சட்டம் ஏதாவது குறுக்கே வருமா?

நாட்டிங்ஹாம்வாசி:

இந்தியப் பாய்லர் சட்டத்தின் வரையறையில் 25 லிட்டருக்குக் குறைந்தவை வராது. 10வி-க்குத் தேவையான பாய்லர் ஒன்றிரண்டு லிட்டரைத் தாண்டாது. ஆனால் ஒன்றிரண்டு லிட்டர் கொதிநீர் திடீரென்று வெடித்தால் ஷெட்டில் நிற்பவருக்கு அது போதும். செம்புக் குழாய், செம்புத் தகடு, எல்லா இணைப்பும் வெள்ளிப் பற்று. ஈயப் பற்று எங்கும் வேண்டாம், தண்ணீர் தீர்ந்து சூடேறினால் முதலில் உருகுவது அதுதான். பற்று வைக்கும் கம்பியில் காட்மியம் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள், அதன் புகை விஷம்.

சேஃப்டி வால்வு கட்டாயம். முதல் சோதனை தண்ணீரில்: பாய்லரை முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, காற்றை வெளியேற்றி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்கு ஏற்றி நிறுத்த வேண்டும். தண்ணீர் சுருங்காது, அதனால் இணைப்பு விட்டாலும் சொட்டிவிட்டு நின்றுவிடும். கம்ப்ரஸர் காற்றால் பாய்லரைச் சோதிக்கவே கூடாது. இங்கே கிளப்களில் இதற்கென்றே ஆள் வைத்துப் பார்த்து, சான்றிதழ் கொடுத்த பிறகுதான் தண்டவாளத்தில் விடுவார்கள். முதல் பாய்லரை, பற்று வைத்துப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். குளிர்பதனக் குழாய் வேலை பார்ப்பவர்களில் கைதேர்ந்தவர்கள் இருப்பார்கள்.

கார்ஷெட்காரன்:

சரி, பாய்லர் அடுத்த வருஷம். ஞாயிற்றுக்கிழமை லேத் வருகிறது. ஆடும் சிலிண்டர் எஞ்சினுக்கு டிராயிங் போட ஆரம்பித்துவிட்டேன். சிலிண்டரும் ஸ்டாண்டும் உரசுகிற முகங்கள் தட்டையாக வர வேண்டுமே, அதைக் கண்ணாடி மேல் எமரி ஒட்டித் தேய்த்தால் போதுமா?

பழைய டர்னர்:

பித்தளைச் சிலிண்டருக்குப் போதும். பத்து மில்லிக் கண்ணாடி எடுத்துக்கொள், எட்டுப் போடுவது போலத் தேய், நடுநடுவே திருப்பிப் பிடி. ஸ்டாண்ட் பக்கத்து இரும்புப் பட்டையை வெளியே கொடுத்துவிடு.

ஜாப் வொர்க்:

அந்தப் பட்டையை என்னிடம் கொண்டுவாருங்கள், சர்ஃபேஸ் கிரைண்டரில் வேறு ஜாபோடு சேர்த்து வைத்து எடுத்துத் தருகிறேன். எத்தனை மில்லி கனம், எவ்வளவு டாலரன்ஸ் என்று டிராயிங்கில் எழுதிக்கொண்டு வர வேண்டும், வாயால் சொல்லக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், சம்பளம் போடுகிற நேரம்.